பழகிப் போன வெயில்

"வெயில் என்ன, நேற்றா வந்தது? பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து காய்கிற வெயில்தானே! உழைக்கிற ஜனங்களுக்கு அதெல்லாம் பழக்கம் ஐயா!" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நல்லவர், படித்தவர், என் கதைகளைக்கூடப் படித்தவர். இதைச் சொன்னபோது அவர் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருந்தார் என்பதை வம்புக்காக நான் குறிப்பிடவில்லை. காப்பி கொண்டு வந்த பையன் கதவைச் சாத்த மறந்துவிட்டான். "சாத்தப்பா கதவை, அனல் உள்ளே வருகிறது!" என்று நண்பரே சத்தம் போட்டார். பழக்கம் என்பது எப்போதும் அடுத்தவனுடைய பழக்கம்தான் போலிருக்கிறது.

இந்தப் 'பழக்கம்' என்ற வார்த்தையோடுதான் எனக்குச் சண்டை.

அக்கினி நட்சத்திரத்தில், பகல் ஒரு மணிக்கு, பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நீங்கள் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? போக வேண்டாம். நான் போயிருக்கிறேன், அது போதும். ஜன்னல் கம்பியில் கை வைக்க முடியாது. எதிரே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். சாலையோரத்துக் கருவேல மரங்களுக்கு இலை பச்சையா வெள்ளையா என்று சொல்வது கஷ்டம். அந்த வேளையிலும் வெட்டவெளியில் ஆட்கள் நின்று வேலை செய்கிறார்கள். கல் உடைக்கிறார்கள், கூரைக்குக் கம்பி கட்டுகிறார்கள். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் பெண்கள் முந்திரிக் கொட்டை பொறுக்குகிறார்கள். அதற்கும் இதுதான் பருவம். முந்திரி மரத்தடியில் நிழல் உண்டே என்பீர்கள். நிழல் உண்டு, காற்று இல்லை.

மறுநாள் பத்திரிகையில் '40 டிகிரி' என்று போடுவார்கள். நாமும் 'அடேயப்பா!' என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோம். அந்த 40 டிகிரி எங்கே அளந்தது தெரியுமா? வெள்ளை வர்ணம் பூசி, நாலு பக்கமும் காற்று புகும்படி சட்டமிட்ட மரப்பெட்டிக்குள், வெயிலே படாத இடத்தில் வெப்பமானியை வைத்து அளந்தது. உலகம் முழுவதும் அப்படித்தான் அளக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் அது நிழலின் டிகிரி. கம்பி கட்டுகிறவன் தலைக்கு மேல் மரப்பெட்டி கிடையாது. அவன் கையிலிருக்கும் கம்பியின் டிகிரியை எந்தப் பத்திரிகையும் போடுவதில்லை.

நண்பர் சொன்ன பழக்கம் முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக வெயிலில் வேலைக்கு வருகிறவனுடைய உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் முன்னதாகவே வியர்க்கக் கற்றுக்கொள்கிறது; வியர்வையில் உப்பைக் குறைவாக விடவும் கற்றுக்கொள்கிறது. வைத்தியர்கள் ஒப்புக்கொண்ட விஷயம் இது. ஆனால் அந்தப் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். பாலைவனத்து வறண்ட காற்றிலாவது அது சட்டென்று உலர்ந்துவிடும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் வியர்வை ஒழுகுமே தவிர உலராது. உள்ளே 37 டிகிரியில் இருக்க வேண்டிய உடம்பு 40-ஐத் தாண்டினால் புத்தி தடுமாறும்; ஆள் விழுவான். விழாதவன் தப்பித்தான் என்றும் சொல்ல முடியாது. நிகராகுவாவிலும் எல் சால்வடாரிலும் தலைமுறை தலைமுறையாக வெயிலில் கரும்பு வெட்டிப் 'பழகிய' ஜனங்களில், வாலிபர்களே சிறுநீரகம் கெட்டுச் செத்தார்கள். நம் ஊரில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொள்கிறது. வேலை செய்யும் இடத்தில் ஒதுங்க மறைவிடம் இல்லாததால், பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பொழுதைக் கழிக்கிறார்கள். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்ற விளம்பரத்தை எழுதுகிற மகானுபாவர் இதை ஒருநாள் யோசித்திருப்பாரா?

விளம்பரம் என்றதும் ஞாபகம் வருகிறது. 'பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள்' என்று கோடைதோறும் அறிவிக்கிறார்கள். யாருக்கு இந்த உபதேசம்? உங்களுக்கும் எனக்கும். நாம் எப்படியும் வெளியே வரப் போவதில்லை. 2023-லும் 2024-லும் வெயிலுக்காகத் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் திறக்கும் தேதியைத் தள்ளிவைத்தார்கள். ரொம்பச் சரி. பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் கல்லுக்கும் கம்பிக்கும் போனார்கள்.

ஜயங்கொண்டம் பக்கத்துக்காரர் ஒருவர், துபாயில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர், என்னிடம் சொன்னார்: "அங்கே பன்னிரண்டரை அடிச்சா கம்பியைக் கீழே போட்டுடணும் சார். மூணு மணிக்கு மேலேதான் எடுக்கணும். இங்கே சொந்த ஊருக்கு வந்து மூணு மணி வெயில்லே கான்கிரீட் போடறேன்." அவர் சொன்னது மெய்தான். ஐக்கிய அரபு நாடுகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அந்த நேரத்தில் வெட்டவெளி வேலை கூடாது என்று விதி இருக்கிறது. கத்தாரில் 2021 முதல், ஜூன் 1-லிருந்து செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் பிற்பகல் மூன்றரை வரை தடை. அரபு நாட்டில் நம்மவர் படுகிற பாட்டை நான் அறியாதவன் அல்ல. சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அங்கேகூட இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்துக் கேரளத்தில் கோடைதோறும் தொழிலாளர் துறை உத்தரவு போடுகிறது: வெயிலில் வேலை செய்வோருக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு. தென்னந்தோப்பும் காயலுமாக இருக்கிற கேரளத்துக்கு அது வேண்டியிருக்கிறது. அரியலூர் சுரங்கக் குழிக்கு அறிவுரை போதுமாம்!

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. வெயிலில் இறந்தவர் குடும்பத்துக்கு நாலு லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் உயிரோடிருக்கிறவனுக்குத் தர வேண்டிய மூன்று மணி நேரம் எங்கே?

'மூன்று மணி நேரம் நிறுத்தினால் கூலி குறையாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. துண்டுக்கணக்கில் கூலி வாங்குகிறவனுக்கு வயிறு முதலில், வெயில் பிறகு. அதனால்தான் இதைத் தொழிலாளியின் இஷ்டத்துக்கு விடக்கூடாது என்கிறேன். விடியற்காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு நிறுத்தி, மீதியை மாலையில் வைத்தால் எட்டு மணிக் கணக்கு வந்துவிடுகிறது. வயல் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் சொல்லாமலே அப்படித்தான் செய்கிறார்கள். குத்தகைதாரர் ஒருவர் மட்டும் நிறுத்தினால் அவருக்கு நஷ்டம். எல்லாரும் நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்?

பகல் போகட்டும். ராத்திரிக்கு வருவோம். அரியலூர் மண் பல கோடி வருஷங்களுக்கு முன் கடலாக இருந்தது. அந்தக் கடல் பிராணிகளின் ஓடும் எலும்பும் சேர்ந்ததுதான் இன்றைய சுண்ணாம்புக்கல். அதை வெட்டி, சுமார் 1,450 டிகிரி சூளையில் வேகவைத்து, சிமெண்டாக்கி அனுப்புகிறோம். அரசாங்க ஆலையே 1979 முதல் அரியலூரில் நடக்கிறது. அந்தச் சிமெண்டில் ஒரு பங்கு திரும்பி வந்து ஊர் ஜனங்களின் தலைக்கு மேல் தளமாக உட்காருகிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் கக்குகிறது. நாட்டு ஓட்டின் கீழ் இந்த அவஸ்தை குறைவு. தகரக் கொட்டகையைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். பகலில் வெந்தவனுக்கு ராத்திரித் தூக்கமும் போயிற்று என்றால் மறுநாள் அவன் எந்தப் பலத்தில் நிற்பான்?

இத்தனைக்கும் அதே சுண்ணாம்பை வேறு விதமாகவும் உபயோகிக்கலாம். நீற்றிக் கரைத்து மொட்டை மாடியில் வெள்ளையடித்தால் வெயிலில் பெரும் பங்கு வந்த வழியே திரும்பிப் போய்விடும். பழைய விஷயம்தான். 2010 மே மாதத்து வெயிலில் ஆமதாபாத் நகரம் வழக்கத்தைவிட 1,344 உயிர்களை அதிகமாகப் பறிகொடுத்தது. பிறகு 2013-ல் அந்த நகரசபை வெப்பத்துக்கென்று தனித் திட்டம் வகுத்தது. 2017-ல் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் வேலையைத் தொடங்கியது. தெலங்கானா 2023-ல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அவர்கள் சுண்ணாம்பை விலைக்கு வாங்க வேண்டும். நாம் அதன் மேலேயே குடியிருக்கிறோம்!

அரியலூரில் ஒரு பள்ளிக்கூடம், பெரம்பலூரில் ஓர் ஆஸ்பத்திரி. வேறெதுவும் நான் கேட்கவில்லை. இந்த இரண்டின் மாடிக்கும் வரும் மாசி மாதத்துக்குள் இரண்டு பூச்சு வெள்ளையடிக்கச் சொல்லுங்கள். செலவு அதிகம் என்று சொல்கிறவர் சிமெண்ட் ஆலைகளிடம் கேட்டுப் பார்க்கட்டும். சித்திரையில் வெப்பமானியோடு நானே வருகிறேன், பகல் பஸ்ஸில்.