வியாபாரம் வேறு, வருமானம் வேறு: வருமான வரிக்குப் பயப்படும் சிறு கடைக்காரரும் வீட்டுக்காரரும்

கடந்த ஆண்டு ஒரு மாலைநேரம். எங்கள் ஒழுங்கை முகப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கையில் ஒரு தாளோடு வீட்டுக்கு வந்தார். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நீண்ட காலம் கணக்கெழுதியவன் என்பதால் இப்படியான தாள்கள் என்னிடம் வருவது வழமை.

“அண்ணை, நடைமுறைக் கணக்குத் திறக்கப் போனனான். டின் நம்பர் கேட்டவை. அதையும் எடுத்துப்போட்டன். இனி மாசம் மாசம் வரி கட்ட வேணுமோ? கடையை அம்மாவின்ரை பேருக்கு மாத்தி விடவோ?”

அவர் இரண்டாவதாகக் கேட்ட கேள்விதான் என்னை யோசிக்க வைத்தது. இருபது வருடம் பாடுபட்டு வளர்த்த கடையை, சரியாக என்னவென்று தெரியாத ஒன்றுக்குப் பயந்து இன்னொருவர் பெயரில் எழுத அவர் ஆயத்தமாக இருந்தார். இந்தப் பயம் அவருக்கு மட்டும் உரியதல்ல. வாடகைக்கு வீடு கொடுத்திருப்பவர்கள், தையற்கடை, பேக்கரி, முச்சக்கரவண்டித் திருத்தகம் நடத்துபவர்கள் எனப் பலரிடமும் இதே பயத்தைக் கண்டிருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்பது ஓர் இலக்கம் மட்டுமே. அதை வைத்திருப்பதால் எவரும் வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவதில்லை. 2024 ஜனவரி முதல் 18 வயதைக் கடந்தவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்பதே அரசின் அறிவிப்பு. வரி உண்டா இல்லையா என்பதை வருமானமே தீர்மானிக்கிறது.

வருமானம் என்றால் எது? இந்த இடத்தில்தான் நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள்.

அந்தத் தம்பியின் கணக்கை, விளங்குவதற்காகத் தொகைகளை முழுமைப்படுத்திச் சொல்கிறேன். கடையில் மாதம் 10 இலட்சம் ரூபாய்க்கு வியாபாரம் நடக்கிறது. வருடத்துக்கு 1 கோடி 20 இலட்சம். இந்தத் தொகையை நினைத்துத்தான் அவர் நடுங்கினார். ஆனால் அதில் 96 இலட்சம், சரக்கு வாங்கிய காசு. மிச்சம் 24 இலட்சம். மின்சாரம், கடை வாடகை, வேலைப் பொடியனின் சம்பளம், ஏற்றுகூலி எல்லாம் சேர்ந்து 8 இலட்சம். ஆகக் கடை வருமானம் 16 இலட்சம்.

அவர் வீட்டின் மேல்மாடியை மாதம் 40 ஆயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். வருடத்துக்கு 4 இலட்சத்து 80 ஆயிரம். திருத்தம், பராமரிப்பு, தேய்மானம் ஆகியவற்றுக்காக வாடகையில் 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சட்டம் இடந்தருகிறது. அப்படிக் கழிப்பவர் அதே செலவுகளைத் தனியாகவும் கழிக்க முடியாது. கழித்த பின் 3 இலட்சத்து 60 ஆயிரம். மொத்த வருமானம் 19 இலட்சத்து 60 ஆயிரம்.

2025 ஏப்ரல் முதல், ஒருவருக்கு வருடத்தில் 18 இலட்சம் வரையான வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம். ஆக, 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு வரி 9,600 ரூபாய். மாதத்துக்கு 800 ரூபாய்.

இதைக் கேட்டதும் அவர் சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு, “இவ்வளவுதானோ?” என்றார்.

எப்போதும் இவ்வளவுதான் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முந்திய ஆண்டில் வரியற்ற எல்லை 12 இலட்சமாக இருந்தது. அதே வருமானத்துக்கு அன்று 61,200 ரூபாய் வந்திருக்கும். இன்றுங்கூட, முதல் 10 இலட்சத்தைத் தாண்டியவுடன் வீதம் 6இலிருந்து ஒரே பாய்ச்சலாக 18 சதவீதமாகிறது. பிறகு ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 24, 30 என ஏறி, அதற்கு மேல் 36 சதவீதத்தில் நிற்கிறது.

நாம் எப்படி இங்கு வந்து சேர்ந்தோம் என்பதையும் மறக்கக்கூடாது. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டப்பட்டது. வருமான வரியும் தாராளமாகக் குறைக்கப்பட்டது. அரசின் வரி வருமானம் சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்தபோது, வரியைக் கூட்டுவது அதன் முக்கிய நிபந்தனைகளில் ஒன்றாக இருந்தது.

அந்த நிபந்தனைகளில் ஒன்றுதான் 2024 நடுப்பகுதியில் வீட்டுக்காரர்களைக் கலங்கடித்தது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும், அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் கிடைக்கக்கூடிய தொகையை வருமானமாகக் கருதி வரி விதிக்கும் யோசனை அது. அது நடைமுறைக்கு வராமலே கைவிடப்பட்டது. ஆனால் பயம் மட்டும் போகவில்லை. இன்றும் சொந்த வீட்டில் இருப்பதற்கு வருமான வரி உண்டா என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இல்லை. உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் சோலை வரி வேறு, வருமான வரி வேறு.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளோ சகோதரங்களோ வீட்டுச் செலவுக்கு அனுப்பும் பணமும் வருமானம் அல்ல, அது அன்பளிப்பு. வங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். அதேவேளை, உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தாலும், இங்குள்ள அவரது வீட்டு வாடகை இங்கு வரிக்கு உட்பட்டதுதான்.

நிலையான வைப்பு வட்டியில் வங்கி 10 சதவீதத்தை முன்கூட்டியே வெட்டிக்கொள்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கிக்கு ஒரு பிரகடனம் கொடுத்து இதைத் தவிர்க்கலாம். தாண்டுபவர்கள், வெட்டப்பட்ட தொகையைத் தமது வரியில் கழித்துக்கொள்ளலாம். ஓய்வூதியத்தோடு வட்டியில் சீவிக்கும் எத்தனையோ முதியவர்கள் இதை அறியாமல் பணத்தை இழக்கிறார்கள்.

ஆக, சிறு வியாபாரியின் உண்மையான ஆபத்து வரி வீதத்தில் இல்லை. கணக்கு இல்லாமையில் இருக்கிறது. இப்போது வாடிக்கையாளர் பலர் கைத்தொலைபேசியில் காசை நேரே வங்கிக்கு அனுப்புகிறார்கள். நாளைக்கு ஓர் அதிகாரி அந்தக் கணக்கில் 1 கோடி 20 இலட்சத்தைக் கண்டால், அதில் 96 இலட்சம் சரக்கு வாங்கிய காசு என்பதை நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர்தான். மொத்த வியாபாரி துண்டுத்தாளில் எழுதித் தந்த கணக்கு அங்கே உதவாது. பற்றுச்சீட்டு இல்லாத செலவு, செலவே அல்ல.

இன்னொன்று, வீடும் கடையும் ஒரே லாச்சி. கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்த அரிசியும் பால்மாவும் வியாபாரச் செலவு அல்ல. மகளின் ரியூஷன் காசும் அல்ல. அவற்றைப் பிரித்து எழுதாதவருக்குத் தன் கடை இலாபத்தில் ஓடுகிறதா என்பதே தெரியாது. வரி அதற்குப் பிறகுதான்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம், பெறுமதி சேர் வரிக்குப் பதிய வேண்டிய வருட வியாபார எல்லையை 6 கோடியிலிருந்து 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தது. எல்லை இறங்க இறங்க, கொப்பி வைக்காத கடைகள்தான் முதலில் அடிபடும்.

“பெரியவை எல்லாம் ஒழுங்காக் கட்டீனமோ?” என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. 18 சதவீத பெறுமதி சேர் வரியைக் கூலித் தொழிலாளியும் கோடீஸ்வரரும் ஒரே அளவில் கட்டும் நாட்டில், வருமானத்துக்கேற்ற வரியே நீதியானது. ஆனால் அந்த நீதி மக்களுக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும். இணையத்தில் படிவம் நிரப்பச் சொல்வது மட்டும் போதாது. பிரதேச செயலகங்கள் தோறும், செப்டெம்பர் 30 இறுதிக் கொடுப்பனவுக்கும் நவம்பர் 30 வரி விபரத்திரட்டுக்கும் முன்னதாக, தமிழில் கணக்குப் பார்த்துக்கொடுக்கும் நாட்கள் வேண்டும். பயந்தவர் பெயரை மாற்றுவார், பற்றுச்சீட்டைத் தவிர்ப்பார். விளங்கியவர் கட்டுவார், கட்டிய பிறகு கேள்வியும் கேட்பார்.

கடை இப்போதும் அவர் பெயரிலேயே இருக்கிறது. லாச்சிக்குப் பக்கத்தில் இரண்டு சீ.ஆர். கொப்பிகள். ஒன்று கடைக்கு, மற்றது வீட்டுக்கு. போன கிழமை சாமான் வாங்கப் போனபோது வீட்டுக் கொப்பியைக் காட்டிச் சொன்னார்: “அண்ணை, வரியை விட வீட்டுக்குத்தான் கனக்கப் போகுது.”