பாட்டு நம்முடையது, பெயர் யாருடையது?

குருபரப்பள்ளியில் காலை ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பேருந்துகள் நெடுஞ்சாலை ஓரம் வந்து நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம், இப்போது இந்தியும். இந்த எல்லைப் பகுதியில் பாட்டுக்கு மொழி ஒரு தடையாக இருந்ததில்லை. அந்தப் பிள்ளைகளில் சிலர் ஞாயிற்றுக்கிழமை ஆனால் செல்போனில் தாங்களே பாடிப் பதிவு செய்கிறார்கள். ஊர்ப் பண்டிகைக்குப் பறை அடிக்கிறார்கள். கல்லூரி விழாவில் ராப் பாடுகிறார்கள். ‘ஒரே ஒரு பாட்டு ஹிட் ஆனால் போதும் அண்ணா, வாழ்க்கையே மாறிவிடும்’ என்பது அவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை.

மாறுமா? கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஒரு பாட்டு அப்படி ஹிட் ஆனது. அதன் கதையை நம் பிள்ளைகள் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிக் கதை ஆசை காட்டும். மீதிக் கதையில்தான் பாடம் இருக்கிறது.

மேடை முதலில் வந்தது

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் 19 பேர் மேடை ஏறினார்கள். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், சட்டி, கட்டமோளம், பறை வாசிக்கிறவர்கள், கிடாரும் டிரம்ஸும் வாசிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே குழு. பெயர் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. சாதியற்ற தமிழர் என்று அயோத்திதாச பண்டிதர் முன்வைத்த கருத்திலிருந்து எடுத்த பெயர். வட சென்னையின் சாவு வீடுகளிலும் தெருமுனைகளிலும் கேட்ட கானா, ஆயிரக்கணக்கானோர் முன்னால் தலை நிமிர்ந்து நின்றது. இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பற்றிப் பாடினார்கள், ஆணவக் கொலையைப் பற்றிப் பாடினார்கள்.

அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானாவைப் பாடியவர். 2020இல் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. அதே குழுவில் இருந்த இன்னொருவர் அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. 2019இல் ‘தெருக்குரல்’ என்ற தொகுப்பை வெளியிட்டபோதே அவர் குரல் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. ‘எஞ்சாயி எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு முன் மூன்று ஆண்டுகள் ஒரு குழு இருந்தது, மேடை இருந்தது, பயமில்லாமல் பாடப் பழக்கிய தோழர்கள் இருந்தார்கள். ஹிட் ஆன பாட்டு மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைத் தாங்கிய மேடை தெரிவதில்லை.

பாட்டியின் கதை

2021 மார்ச் 7இல் வெளியான அந்தப் பாட்டை அறிவும் தீயும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. யூடியூபில் மட்டும் 40 கோடி முறைக்கு மேல் பார்க்கப்பட்டது. தமிழ் தெரியாதவர்களும் ஆடினார்கள். சினிமாப் படம் இல்லை, கதாநாயகன் இல்லை. ஒரு தனிப்பாட்டு இவ்வளவு தூரம் போனது தமிழில் புதிது.

பாட்டுக்கு உள்ளே இருந்தவர் ஒரு மூதாட்டி, அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை செய்துவிட்டுத் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, இங்கும் சொந்த நிலமில்லாமல் உழைத்தவர். 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தப்படி இந்தியா ஏற்றுக்கொள்ள ஒத்துக்கொண்ட மலையகத் தமிழர்கள் 5,25,000 பேர். தலைமுறை தலைமுறையாகக் காட்டைத் திருத்தித் தோட்டம் ஆக்கியவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு அரசுகள் உட்கார்ந்து தலையை எண்ணிப் பிரித்துக்கொண்டன. உழைத்தவனுக்கு மண்ணில்லை என்ற இந்த வரலாறுதான் பாட்டின் உயிர்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தங்கம் தோண்ட இங்கிருந்து போன நம் முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தங்கம் யார் வீட்டுக்குப் போனது என்பதும் நமக்குத் தெரியும்.

பெயர் காணாமல் போனபோது

பாட்டு உலகமெங்கும் ஒலித்துக்கொண்டிருந்த அதே 2021இல், ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகையின் ஆகஸ்ட் இதழ் அட்டையில் தீயும், கனடாத் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். எதிர்ப்பு வலுத்த பிறகு அறிவின் படத்தோடு தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் அமர்ந்திருந்த அரங்கில் அந்தப் பாட்டைத் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள். அறிவு அப்போது வெளிநாட்டில் இருந்தார் என்று விளக்கம் சொல்லப்பட்டது. சில நாளில் அறிவு, அந்தப் பாட்டின் மெட்டும் சொல்லும் தன் உழைப்பு என்று மனம் நொந்து எழுதினார். அது மூவரின் கூட்டுழைப்பு, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே இன்னொன்றும் சொன்னார்: பாட்டு வந்து மூன்று ஆண்டு ஆகியும் தங்களுக்கு அதிலிருந்து வந்த வருமானம் பூஜ்யம். வெளியிட்ட நிறுவனத் தரப்பு வேறு விளக்கம் கொடுத்தது.

இதில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்பு எழுத இந்தப் பத்தி வரவில்லை. தீயின் குரலும் சந்தோஷின் இசையும் இல்லாமல் அந்தப் பாட்டு அந்தப் பாட்டாக இருந்திருக்காது. அதை மறுப்பது நேர்மையல்ல. ஆனால் ஒரு கேள்வியை விட முடியாது. அட்டைப்படத்திலும் அரசு விழாவிலும் யாரோ ஒருவர் விடுபட்டபோது, விடுபட்டவர் ஏன் சேரியிலிருந்து வந்தவராகவே இருந்தார்? தற்செயல் என்கிறார்கள். நம் ஊரில் பந்தியில் இலை போடும்போது நடக்கும் தற்செயல்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக நம்புவதில்லை.

பறைக்கும் இதே கணக்குத்தான். சாவுக்கு அடி என்றார்கள். கூலியாகக் கொஞ்சம் தானியமும் சாராயமும் கொடுத்தார்கள். அடித்தவனுக்குப் பெயர் கிடையாது, சாதிப்பெயர்தான். அதனால்தான் எல். இளையபெருமாள் போன்ற தலைவர்கள் சாவுக்குப் பறை அடிக்க மறுக்கும் போராட்டம் நடத்தினார்கள். அந்த மறுப்பு நடந்த பிறகுதான் பறையை நம் விருப்பத்தோடு திரும்ப எடுக்க முடிந்தது. இன்று அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ, 2025. எல்லைக்கு அந்தப் பக்கம் சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் தமட்டே வாசிக்கும் முனிவெங்கடப்பாவுக்குப் பத்மஸ்ரீ, 2022. ஒரே தோல், ஒரே அடி, இரண்டு மொழி. பெயர் சொல்லி அழைக்கப்படுவதற்கு எத்தனை தலைமுறை ஆனது பாருங்கள்.

சம்பளச் சீட்டு மாதிரி

இப்போது நம் குருபரப்பள்ளிக்கு வருவோம். காண்ட்ராக்டர் மூலம் கம்பெனிக்குப் போகும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு விஷயம் அனுபவத்தில் தெரியும். இயந்திரத்தில் நிற்பது நீங்கள். பொருள் செய்வது உங்கள் கை. ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லை என்றால், சம்பளச் சீட்டு இல்லை என்றால், பி.எஃப். எண் இல்லை என்றால், நாளைக்கு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் உங்களுக்கு வேலை செய்த சாட்சி இல்லை. பாட்டும் அப்படித்தான். பாடியது நீ என்று ஊருக்கே தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

காகிதத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நமக்கு எதிரானது அல்ல. 2012இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு அது கலைஞன் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கிறது. பாட்டு எழுதியவருக்கும் மெட்டு அமைத்தவருக்கும் உரிமை படைத்த அந்த நேரத்திலேயே வந்துவிடும். பதிவு செய்தால்தான் என்பது கிடையாது. பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். எந்த நாடு வரைக்கும் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

முக்கியமானது இது. பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், அந்தப் பாட்டு பிறகு பயன்படும்போது வரும் ராயல்டியில் சம பங்கு கேட்கும் உரிமையைப் பாடலாசிரியரோ இசையமைப்பாளரோ விற்கவே முடியாது. கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். 1969இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்பது அப்படி ஒரு சங்கம். பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் அதில் உறுப்பினராகலாம். பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் தனியே நிகழ்த்துநர் உரிமை உண்டு. இதை நிகழ்த்தியவர் இவர் என்று பெயர் சொல்லக் கேட்பதும் அந்த உரிமையில் அடங்கும்.

‘கலை ஊர்ச் சொத்து, அதற்கு ஒப்பந்தமா’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நம் பெரியவர்களே கேட்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. பாட்டியின் ஒப்பாரிக்கு எழுதியவர் பெயர் கிடையாது. அது தெருவுக்கே சொந்தம். சட்டமும் நாட்டுப்புறப் பாட்டுக்கென்று தனிப் பாதுகாப்பு வைக்கவில்லை. அதனால்தான் கூடுதல் கவனம் வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாதது என்று நாம் விட்டுவைத்ததை, எழுதத் தெரிந்தவன் தன் பெயரில் எழுதிக்கொள்வான். புறம்போக்கு நிலம் யார் கைக்குப் போனது என்று பார்த்தவர்கள் நாம். ஊர்ப் பாட்டை எடுத்துப் பாடும் நம் பிள்ளைகளும் ஒன்று செய்ய வேண்டும்: சொல்லிக்கொடுத்த ஆயாவின் பெயரையும் ஊரின் பெயரையும் போட வேண்டும். நமக்கு மறுக்கப்பட்டதை நாம் நம்மவர்க்கே மறுக்கக் கூடாது.

நிலைத்தது எது?

அறிவு அந்தச் சண்டையோடு முடிந்துபோகவில்லை. ‘அம்பாசா’ என்ற குழுவோடு மேடை ஏறினார். 2024இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று தன் பாட்டியின் பெயரையே தொகுப்புக்கு வைத்தார். யார் பெயர் விடுபட்டாலும் பாட்டியின் பெயர் இனி விடுபடாது. நீலம் 2020 டிசம்பரில் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ சபாக்களின் மார்கழியில் பறைக்கும் கானாவுக்கும் ஒப்பாரிக்கும் இடம் போட்டது. ஹிட் பாட்டு ஒன்று கதவைத் திறந்தது உண்மை. ஆனால் திறந்த கதவு சாத்தாமல் நிற்பது, முன்பே இருந்த குழுவாலும், பிறகும் விடாத மேடையாலும், பெயரைக் கேட்டு வாங்கிய துணிச்சலாலும்தான்.

ஆகவே நம் ஊர்ப் பறைக் குழுக்களுக்கும், செல்போனில் பாடும் மாணவர்களுக்கும் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். தனியாக ஹிட் ஆகக் காத்திருக்காதீர்கள். நாலு பேர் சேர்ந்து குழு கட்டுங்கள், குழுவுக்குப் பெயர் வையுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். எந்தப் பாட்டை யார் எழுதினார், யார் மெட்டுப் போட்டார், யார் வாசித்தார், என்ன தேதி என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். நிகழ்ச்சிக்குக் கூப்பிடுகிறவரிடம் தொகையையும் நோட்டீசில் போட வேண்டிய பெயரையும் முன்பே எழுதி வாங்குங்கள். ஆங்கிலத்தில் நீட்டும் காகிதத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். கல்லூரியில் சட்டம் படிக்கும் நம் பிள்ளைகள் இதற்கு உதவ முன்வர வேண்டும். ஒரு மாலை நேரம் உட்கார்ந்து இந்தச் சட்டத்தைத் தெருவில் படித்துக் காட்டினால் போதும்.

நம் முன்னோர்கள் அடித்த அடிக்குக் கணக்கு இல்லை, பெயர் இல்லை. அடுத்த பண்டிகைக்குப் பறையைக் காய்ச்சி எடுக்கும்போது, பக்கத்தில் அந்த நோட்டும் இருக்கட்டும்.