பறந்தால் மட்டும் போதுமா? இறங்க வேண்டாமா!

கோல்ப் ஆட்டத்துக்குப் பந்து வேண்டும், மட்டை வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் ஒரு கோல்ப் இருக்கிறது. இன்று ஆடப்படும் வடிவில் அது அமெரிக்காவில் உருவானது. "டிஸ்க் கோல்ப்" என்று பெயர். அதாவது, தட்டு கோல்ப்!

பிளாஸ்டிக் தட்டைக் கையால் எறிய வேண்டும். குழிக்குப் பதிலாக ஒரு கம்பத்தில் இரும்புக் கூடை இருக்கும். அதன் மேல் சங்கிலிகள் தொங்கும். தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். குறைந்த தடவை எறிந்தவருக்கு வெற்றி.

எட் ஹெட்ரிக் என்பவரை இந்த ஆட்டத்தின் தந்தை என்கிறார்கள். 1975-ல் கலிபோர்னியாவில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் மைதானத்தை முறையாக அமைத்தவர் அவரே. 2002-ல் அவர் இறந்தார். அவர் விரும்பியபடியே அவருடைய அஸ்தியைக் கலந்து தட்டுகள் செய்தார்கள். அவ்வளவு பற்று!

ஆசை செய்யும் வேலை

புதிதாக ஆட வருகிறவர் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "எந்தத் தட்டு அதிக தூரம் போகும்?" என்பதுதான்.

இந்தக் கேள்வி தவறு. "எந்தத் தட்டு நினைத்த இடத்தில் நிற்கும்?" என்றே கேட்க வேண்டும்.

ஒருவர் முதல் எறியைப் பிரமாதமாக எறிகிறார். கூடை இன்னும் 40 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. கூடைக்குப் பின்னால் சரிவு. சரிவுக்குக் கீழே குளம். அவர் எறிந்த தட்டு கூடைக்கு மேலே அழகாக மிதக்கிறது. மிதந்துகொண்டே போகிறது. போய்க் குளத்தில் விழுகிறது! எல்லை தாண்டியதற்கு ஒரு எறி அபராதம். தட்டு கிடைக்காவிட்டால் அதற்குக் கொடுத்த பணமும் நஷ்டம்.

கையில் குற்றம் இல்லை. தட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் குற்றம்.

நான்கு எண்கள்

கூடைக்கு அருகில் எறியும் தட்டுக்குப் "பட்டர்" என்று பெயர். ரொட்டியில் தடவும் வெண்ணெய் அல்ல!

பல தட்டுகளுக்கு நான்கு எண்கள் கொடுத்திருப்பார்கள். முதல் எண் வேகம். இரண்டாவது மிதப்பு. மூன்றாவது, வேகமாகப் போகும்போது தட்டு எவ்வளவு சாயும் என்பது. நான்காவது, வேகம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் எவ்வளவு திரும்பும் என்பது.

இன்னோவா கம்பெனியின் "ஏவியர்" புகழ்பெற்ற பட்டர். அதன் எண்கள் 2, 3, 0, 1. அதே கம்பெனியின் "ரைனோ"வுக்கு 2, 1, 0, 3. இரண்டுக்கும் வேகம் ஒன்றுதான். ஆனால் மிதப்பு ஏவியருக்கு 3, ரைனோவுக்கு 1.

மிதப்பு குறைந்தால் என்ன லாபம்? கை கொடுத்த வேகம் தீர்ந்ததும் தட்டு காற்றில் தயங்காது. கீழே இறங்கிவிடும். கொஞ்சம் பலமாக எறிந்துவிட்டாலும், கூடையைத் தாண்டி வெகுதூரம் ஓடாது. எதிர்க்காற்று அடித்தாலும், ரைனோ போன்ற தட்டு எளிதில் புரண்டுவிடாது.

மறுப்பும் பதிலும்

"மிதப்புள்ள தட்டு போதாதா? மெதுவாக எறிந்தால் சரியாகிவிடுமே!" என்று சிலர் சொல்வார்கள்.

கைதேர்ந்தவருக்கு அது சரி. மற்றவர்களுக்கு, மெதுவாக எறிவதுதான் கஷ்டம். பயந்து எறியும் கை நடுங்கும். தைரியமாக எறிந்தும் தட்டு அடங்கி நிற்க வேண்டும் என்றால், மிதப்புக் குறைந்த தட்டே நல்லது.

அதற்காக எல்லாவற்றுக்கும் அதையே எறியக் கூடாது. வலு குறைந்த சிறுவர்களுக்கு மிதப்பு உதவி செய்யும். அதைப் பறிப்பது நியாயம் அல்ல. கூடைக்கு 10 மீட்டருக்குள் நின்று எறியும்போது, நேராகப் போகும் தட்டே பலருக்குக் கைகொடுக்கும். ரைனோவுக்கு நான்காவது எண் 3 அல்லவா? வலது கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய் எறிகிறவருக்கு அது கடைசியில் இடதுபக்கம் திரும்பும். அதனால் கூடைக்குச் சற்று வலதுபுறம் குறி வைக்க வேண்டும்.

வாங்கும் முன்

எண்களை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. ஒரு கம்பெனியின் 2 மற்றொரு கம்பெனியின் 2 ஆக இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டின் மேல்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். பொதுவாக, மேடாக இருந்தால் மிதப்பு அதிகம். தட்டையாக இருந்தால் குறைவு. பிளாஸ்டிக்கையும் கவனிக்க வேண்டும். வழவழப்பான கடினத் தட்டு தரையில் சறுக்கி ஓடும். மெதுவான தட்டு விழுந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும்.

முடிந்தால் நண்பரிடம் ஒரு தட்டை இரவல் வாங்கலாம். 40 அடி நடந்து ஒரு குச்சியை நட்டு, பத்து தடவை எறியலாம். எத்தனை தடவை குச்சிக்குப் பக்கத்தில் விழுந்தது என்று எண்ணலாம். கடைக்காரரின் பேச்சைவிட அந்தக் கணக்கு பெரிய சாட்சி!

தூரமாக எறிந்தால் பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள். பக்கத்தில் நிறுத்தினால் கணக்கில் ஒரு எறி குறையும். ஆட்டத்தில் ஜெயிப்பது கைதட்டல் அல்ல, கணக்குதான்!