டாப் ஸ்பீடு ஏறினால் லேப் டைம் குறையுமா? டிராக் டேவில் புதியவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான்!

பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி, தச்சூர் வழியாகச் சென்னைக்கு வந்தால் வழியில் சோழவரம் வரும். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அங்கே உண்டு. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது அதில்தான். ஏரிக்கரை மீனவ கிராமத்து இளைஞருக்கு ரேஸ் அப்போது பக்கத்து ஊர் சமாச்சாரம். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய டிராக் வந்ததும் பந்தயம் சென்னையின் மறுபக்கம் போய்விட்டது. பைக் ஆசை மட்டும் இங்கேயே நின்றுவிட்டது.

அந்த ஆசைக்குச் சரியான வடிகால் டிராக் டே. இது போட்டி இல்லை. கட்டணம் கட்டி, எதிரே வண்டி வராத பாதையில் ஓட்டிப் பழகும் நாள், அவ்வளவுதான். புதியவர், அனுபவசாலி எனப் பிரித்து முறைவைத்து அனுப்புவார்கள். பழவேற்காட்டுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஏரியில் முறைபோட்டு வலை விரிக்கும் 'பாடு' மாதிரி.

சரி, லேப் டைம் எப்படிக் குறையும்? ஒரு சின்ன கணக்கு. 500 மீட்டர் நேர்ப்பாதையை 120 கி.மீ. வேகத்தில் கடக்க 15 விநாடி ஆகும். 125-ல் போனால் 14.4 விநாடி. உயிரைக் கொடுத்து முறுக்கினாலும் மிச்சம் 0.6 விநாடிதான். இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் நீளம் 3.717 கி.மீ., வளைவுகள் 12. வளைவுக்குக் கால் விநாடி மிச்சம் பிடித்தாலே ஒரு சுற்றில் 3 விநாடி குறைந்துவிடும்!

அந்தக் கால் விநாடி பிரேக்கில் இருக்கிறது. புதியவர்கள் பயத்தில் ரொம்ப முன்னாடியே லேசாகப் பிடித்து, வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். வண்டி நேராக இருக்கும்போதே அழுத்திப் பிடித்து, வளைவுக்குள் நுழைகையில் மெல்ல விட வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடியும் இடத்தில் இருக்க வேண்டும். வண்டி நிமிர நிமிரத்தான் த்ராட்டில். டயர் காற்றழுத்தத்தை ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் பார்ப்பது அவசியம். பலர் கோட்டை விடுவது இந்தச் சின்ன வேலையில்தான்.

ரேஸுக்குத் தயாரா என்பதை ஒரே ஒரு வேகமான சுற்று சொல்லாது. பத்து சுற்றும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று வேகம், அடுத்தது தடுமாற்றம் என்றால் இன்னும் பழக வேண்டும் என்று அர்த்தம். 2023 ஆகஸ்டில் இதே டிராக்கில், தேசிய சாம்பியன்ஷிப் போட்டியில் விழுந்த பெங்களூரு சிறுவன் உயிரிழந்தான். வயது 13. மூடிய பாதையிலேயே ஆபத்து இவ்வளவு என்றால், நாயும் மணலும் ஷேர் ஆட்டோவும் குறுக்கே வரும் பொன்னேரி சாலையில்?

சாலையில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-வது பிரிவு பாயும். முதல் முறையே 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இவ்வளவு ரிஸ்க் எடுத்தும் லேப் டைம் பற்றி எதுவும் கற்க முடியாது. ஒரே வளைவை ஒரே மாதிரி, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் வசதி டிராக்கில் மட்டும்தான் கிடைக்கும்.