காதின் பின்னே கரையாத நெறிக்கட்டி

காதின் பின்புறம் பட்டாணி அளவில் நெறிகட்டி, வாரக்கணக்கில் கரையாமல் இருக்கிறதென்று வருவோர் பலர் முதலில் கேட்பது ஸ்கேன். நாங்கள் முதலில் பார்க்க விரும்புவது தலையை. உச்சந்தலையின் நிணநீர் அக்கணுக்கள் வழியே வடிகிறது. ஆகவே பேன் கடித்துச் சொறிந்த புண், பொடுகு, தலைச்சாய ஒவ்வாமை, காது குத்திய இடத்துச் சீழ் என எதுவும் அவற்றை வீங்கச் செய்யலாம். கூந்தலை விலக்கிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும், கட்டணமும் இல்லை.

புண் ஆறிய பின்னும் கணு சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் தங்கும். சிறிதாய், விரலுக்கடியில் நழுவுவதாய், வளராமல் இருந்தால் அச்சம் வேண்டாம். நாள்தோறும் அழுத்திப் பார்த்தால் வலிதான் மிஞ்சும்.

எங்கள் கவலை வேறு. கரையவில்லையே என்று மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி வாங்குவதையும், ஸ்டீராய்டு மாத்திரை விழுங்குவதையும் நாங்கள் ஏற்கவில்லை. ஸ்டீராய்டு நிணநீர்ப் புற்றையும் தற்காலிகமாகச் சுருக்கும். பின்னர் திசுப் பரிசோதனையில் நோய் பிடிபடாமல் போகலாம். காரணம் புலப்படாமல் 4 வாரங்களைக் கடந்தாலோ, கட்டி வளர்ந்தாலோ, கல்போல் இறுகினாலோ, விடாத காய்ச்சல், இரவு வியர்வை, எடைக்குறைவு சேர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். தேவையெனில் மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்போம். ஊசி பட்டால் புற்று பரவும் என்றஞ்சிச் சிலர் மறுக்கின்றனர். அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. நம் நாட்டில் அச்சோதனை பலமுறை காட்டித்தருவது காசநோயை. அதற்கான 6 மாத மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.