ஆகாயப் புறம்போக்கில் சங்கு ஊதுவது யார்?

லாஸ்பேட்டையில் இரவு ஏழு மணி. விமான நிலையத்தை அடுத்த தெருக்களில் வீட்டுக்கு வீடு விளக்கு எரிகிறது. வீட்டுக்கு வீடு வைஃபை பெட்டியும் கண் சிமிட்டுகிறது. கீழ் வீட்டில் பாலிடெக்னிக் மாணவி செல்போனில் பாடம் பார்க்கிறாள். மாடியில் இருப்பவர் சினிமா பார்க்கிறார். பக்கத்து வீட்டுப் பையனுக்கு விளையாட்டு. திடீரென்று மாணவியின் பாடம் பாதியில் நின்று விடுகிறது. "நெட் சரியில்லை" என்று அலுத்துக் கொள்கிறாள் தாய்.

இப்படி நிற்கும்போது பல சமயம் குறை கம்பியில் இல்லை; காற்றில்தான். அத்தனை பெட்டிகளும் ஒரே காற்றில் பேசுகின்றன. நெரிசல் வராமல் என்ன செய்யும்?

இந்தக் காற்று யாருக்குச் சொந்தம்? செல்போன் கம்பெனிகள் தங்கள் அலைவரிசையைச் சர்க்காரிடம் ஏலம் எடுக்கின்றன. 2022-இல் நடந்த ஏலத்தில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்! வைஃபை ஓடும் அலைவரிசையோ லைசென்ஸ் இல்லாதது. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தையும் இந்திய சர்க்கார் இப்படிப் பொதுவில் விட்டது. சுருங்கச் சொன்னால், அது ஆகாயப் புறம்போக்கு. யாரும் மேய்க்கலாம்; யாரும் வேலி போடக் கூடாது.

அந்தப் புறம்போக்கின் மீது செல்போன் கம்பெனிகளின் கண்ணும் விழுந்தது. அங்கேதான் தகராறு பிறந்தது.

ஆலைச் சங்கும் செல்போனும்

புதுச்சேரியில் பஞ்சாலைகள் ஓடிய காலத்தில் ஆலைச் சங்குதான் ஊருக்குக் கடிகாரம். சங்கு ஊதினால், வீட்டில் கடிகாரம் இல்லாதவருக்கும் நேரம் தெரியும்.

செல்போனுக்கும் அப்படி ஒரு சங்கு உண்டு. போனைத் திறந்ததும் அதற்கு எந்தக் கோபுரம் அருகில் இருக்கிறது என்று தெரியாது. கோபுரத்தின் நேரக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்றும் தெரியாது. கோபுரம் ஓயாமல் அனுப்பும் ஒத்திசைவுச் சமிக்ஞையைத் தேடிப் பிடித்த பிறகே அது பேச முடியும். 4ஜி-யில் இந்தச் சமிக்ஞை நொடிக்கு 200 முறை வருகிறது. 5ஜி-யில் அதோடு 1,008 அடையாள எண்களில் ஒன்றும் சேர்ந்து வந்து, இன்ன கோபுரம் என்று சொல்லி விடுகிறது.

சொந்த அலைவரிசையில் குறித்த நேரத்தில் சங்கு ஊதத் தடையில்லை. புறம்போக்கில் அப்படி நடக்குமா? அங்கே மாணவியின் பாடம் ஓடிக் கொண்டிருக்கிறதே! அதன் நடுவே சங்கு ஊதினால் பாடமும் கெடும், சங்கும் கேட்காது.

கேட்ட பிறகு பேசு

வைஃபை பழகிய மரியாதை எளியது: முதலில் காது கொடுத்துக் கேள், யாரும் பேசாவிட்டால் பேசு. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இதுவே சட்டம். அமெரிக்காவில் அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே சில கம்பெனிகள், கேட்காமலே முறை வைத்துப் பேசும் ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தன. வைஃபை தரப்பு கூச்சல் போட்டது. 2016-இல் ஒரு பொதுச் சோதனை முறை வகுத்த பிறகே, 2017 பிப்ரவரியில் அந்தக் கருவிகளுக்கு அனுமதி கிடைத்தது.

"கேட்டுக் கொண்டே நின்றால் சங்கை எப்போது ஊதுவது? போன் கோபுரத்தைத் தேடித் தேடிப் பாட்டரிதான் தீரும்" என்பது கம்பெனிகளின் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் பதிலை விஞ்ஞானிகளே கண்டு விட்டார்கள்.

2020-இல் முடிவான 5ஜி விதிகளைப் பார்க்கலாம். சங்கு ஊத ஒரே ஒரு கணம் என்றில்லாமல், ஐந்து மில்லி செகண்டுக்குள் பத்து அல்லது இருபது இடங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் இடத்தில் யாரோ பேசினால் அடுத்த இடம். அதுவும் இல்லையென்றால் அதற்கடுத்தது. ஊதியது எத்தனையாவது இடம் என்பதையும் சங்கே சொல்லி விடுகிறது. ஆகவே தாமதமாகக் கேட்டாலும் போன் சரியான நேரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளும். சங்கு ஒரு மில்லி செகண்டுக்கு மிகாமலும், மொத்த நேரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு மிகாமலும் இருந்தால், செகண்டில் பத்து லட்சத்தில் 25 பங்கு நேரம் கேட்டாலே போதும். பொறுமைக்கு இவ்வளவு சிறிய விலைதான்! இதையும் கொடுக்க மாட்டேன் என்பது அவசரமல்ல, ஆக்கிரமிப்பு.

நல்லவாடு சொல்லும் பாடம்

ஆயினும் காத்திருக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, புதுச்சேரியின் நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. கிராமத்தின் தகவல் மையத்து ஒலிபெருக்கி உடனே எச்சரித்தது. ஊர் மக்கள் உயிர் தப்பினார்கள். அந்த அழைப்பு நெரிசலில் காத்துக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புயலும் கடலும் சூழ்ந்த ஊருக்கு இது சின்ன விஷயமல்ல. உயிர் காக்கும் செய்திக்கு லைசென்ஸ் பெற்ற அலைவரிசையே அடித்தளமாக இருக்க வேண்டும். 2016-இல் வந்த 4ஜி ஏற்பாடு, லைசென்ஸ் அலைவரிசையை நங்கூரமாக வைத்துக் கொண்டுதான் புறம்போக்கில் கால் வைத்தது. புறம்போக்கில் மட்டுமே ஓடும் முறைக்கும் 5ஜி இடம் தருகிறது. தொழிற்சாலைக்கும் கல்லூரி வளாகத்துக்கும் அது சிக்கனமான வழி, வரவேற்கலாம். ஊர் முழுவதற்கும் ஆபத்துக் காலத்தில் அதை மட்டும் நம்புவது விவேகமாகாது.

ஆகவே வேண்டியவை இரண்டு. கேட்ட பிறகு பேசு என்பது நிபுணர்களின் ஒப்பந்தமாக மட்டும் நின்றால் போதாது. எந்தக் கம்பெனியும் மீற முடியாத சட்டமாக இருக்க வேண்டும். சங்குக்குச் சலுகை தரலாம்; அதற்கும் அளவு வேண்டும். ஐரோப்பாவில், கேட்காமலே அனுப்பும் குறுஞ்சமிக்ஞைக்கு 50 மில்லி செகண்டில் இரண்டரைதான் எல்லை.

கோடி கொடுத்து ஏலம் எடுத்தவருக்குத் தனிப் பாதை இருக்கிறது. லாஸ்பேட்டை மாணவிக்கு இருப்பது இந்தப் பொதுப் பாதை ஒன்றுதான். அதில் யானையும் நடக்கட்டும். ஆனால் ஆள் பார்த்து நடக்கட்டும்.