குரல் பிந்திக் கேட்கிறதா?

கணினியில் ஒலிவாங்கியைப் பொருத்தி, தன் குரலை ஹெட்போனில் கேட்டபடி கிராஅத் பதிவு செய்யும் பிள்ளை தடுமாறினால் உடனே ஏசாதீர்கள். குரல் ஏறத்தாழ 200 மில்லி செக்கன் பிந்திக் காதில் விழுந்தால், சரளமாகப் பேசுபவருக்கும் நாக்குக் குழறும். 1950இலேயே பேர்னாட் லீ என்பவர் இதை எழுதிக் காட்டினார்.

கணினி ஒலியைச் சிறு பொதிகளாகச் சேர்த்தே திருப்பி அனுப்புகிறது. செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்றால், 1024 மாதிரிகள் சேர 23 மில்லி செக்கன் ஆகும். 128க்கு 3 போதும். ஆகவே பதிவு மென்பொருளில் 'பஃபர்' அளவைக் குறையுங்கள். ஒலி வெட்டினால் சற்றுக் கூட்டுங்கள். புளூடூத் ஹெட்போன் மேலும் பிந்தும், வயருள்ளதைப் பாவியுங்கள். இயலாவிட்டால், தன் குரலைக் கேட்காமலே பிள்ளை பதிவு செய்யட்டும், பதிவு கெடாது.

கருவியின் குறையைப் பிள்ளையின் நாவில் ஏற்றாதீர்கள்.